நான் பாத்துக்கிறேன் அண்ணாச்சி

கோலா கம்பெனி மளிகைக் கடையில் வைத்திருந்த ஃப்ரிட்ஜைக் கொடுத்துவிடச் சொன்னேன். "ஃப்ரிட்ஜைத் திருப்பிக் கொடுத்துட்டா பாலுக்கும் மோருக்கும் என்ன தம்பி பண்ண?" என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டார். "நான் பாத்துக்கிறேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்திருந்த நேரம். நான் உள்ளூர் கலர் சோடா கம்பெனியின் லைன் வண்டியில், கடை கடையாகச் சரக்குப் போடப் போய்க்கொண்டிருந்தேன்.

சொன்னதில் தப்பில்லை என்றுதான் வெகுநாள் நினைத்தேன். கம்பெனி வைக்கும் ஃப்ரிட்ஜ் இலவசம் இல்லை. கரண்ட் பில் கடைக்காரர் தலையில். கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் நாளுக்கு 4, 5 யூனிட் இழுக்கும். இரண்டு மாத பில்லில் 240 முதல் 300 யூனிட். கடை இணைப்பில் 100 யூனிட்டைத் தாண்டினால் அப்போதே யூனிட் 8 ரூபாய்க்கு மேல். அதைக் கட்டுகிறவருக்கு உள்ளே எதை வைப்பது என்று முடிவெடுக்க உரிமை கிடையாது. சித்திரை வெயிலில் கலர் ருசிக்காக விற்பதில்லை, சில்லென்று இருந்தால் விற்கும். வெளியே கிரேட்டில், அதாவது பாட்டில் அடுக்கும் பெட்டியில், கிடக்கும் எங்கள் பாட்டிலை யார் கேட்பார்? ஃப்ரிட்ஜ் போனால்தான் வழி பிறக்கும் என்று நம்பினேன். இன்றும் பாதி நம்புகிறேன்.

ஆனால் அந்த ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில்தான் பால், மோர், தயிர் பாக்கெட் எல்லாம் இருந்தன. ஒப்பந்தப்படி கூடாது. கோலா கம்பெனி சூப்பர்வைசர் வரும் நாளில் மட்டும் அண்ணாச்சி எடுத்து மறைப்பார். தினசரி ஆட்களைக் கடைக்கு வரவைத்தது அந்தத் தட்டுதான். நான் கலரை மட்டும் கணக்குப் போட்டேன்.

பதிலுக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோய் வைத்தேன். 200 மில்லி கண்ணாடி பாட்டில் 24 உள்ள ஒரு கிரேட்டைக் குளிரவைக்கவே 3 கிலோ ஐஸ் கரைந்துவிடும். மூடியைத் திறந்து திறந்து எடுக்கிற கடையில் சாயங்காலம் வரை தாங்க 8 கிலோவாவது போட வேண்டும். கலருக்கு அது போதும், பாலுக்கு ஆகாது. கரைந்த தண்ணீரில் பாக்கெட் மிதப்பதைப் பார்த்தாலே வாங்க வந்தவர் கை பின்னால் போய்விடும்.

அதைவிட மோசம் காலி பாட்டில். ஒரு கடைக்கு 1 கிரேட் விற்பனையில், 1 கிரேட் காலியாக, 1 கிரேட் கழுவுமிடத்தில் என்று 3 கிரேட் பாட்டில் சுழல வேண்டும். திடீரென்று புதுக் கடைகள் சேர்ந்ததும் அந்தச் சுழற்சி நின்றது. ஏப்ரலில் சிரப்பும் சோடா கேஸும் இருந்தும் நிரப்பப் பாட்டில் இல்லாமல் ஃபாக்டரி நின்றது. புறக்கணிப்புக்கு நாள் குறிக்கும் முன்பே டெபாசிட் வாங்கிப் பாட்டில் சேர்த்திருக்க வேண்டும். அது என் வேலை அல்ல, முதலாளி வேலை. ஆனாலும் வாக்குக் கொடுத்தது நான்தானே.

பின்னால்தான் படித்தேன்: 2005-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் கோக்க கோலா ஒரு நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டது. கடையில் வேறு ஃப்ரிட்ஜ் இல்லையென்றால், கம்பெனி இலவசமாகக் கொடுத்த ஃப்ரிட்ஜில் குறைந்தது 20 சதவீத இடத்தைக் கடைக்காரர் இஷ்டப்பட்ட சரக்குக்கு விடலாம் என்பது அது; 2010 வரை இருந்தது. ஐந்து தட்டில் ஒரு தட்டு. "கொடுத்துடுங்க" என்பதற்குப் பதில் "ஒரு தட்டு கேளுங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். இங்கும் 2002-ன் போட்டிச் சட்டம் 3(4) பிரிவில் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைக் கேள்வி கேட்கலாம். ஆனால் சந்தைப் போட்டிக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு என்று காட்ட வேண்டும். ஒற்றைக் கடையால் ஆகாது. சங்கம் பல கடைகளின் ஒப்பந்தத் தாள்களைத் திரட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த மார்ச்சில் ஒரு தட்டுக்காக யார் கூடியிருப்பார்கள்? கோபம் முழு ஃப்ரிட்ஜுக்குத்தான் கூடியது.

ஆனி மாதம் அண்ணாச்சி கடையில் மறுபடி ஃப்ரிட்ஜ் வந்து நின்றது. நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாரம் 2 கிரேட் எங்கள் கலர் எடுத்தார். கீழ்த்தட்டில், மோர் பாக்கெட்டுக்குப் பின்னால் எங்கள் பாட்டில் நாலு படுத்திருந்ததை ஒருநாள் பார்த்தேன். நான் வைக்கச் சொன்னதில்லை.