கால்சியத்தோடு கடை சாத்தினால் எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமைகளில் நாத்தனார் மகள் வேதியியல் படிக்க வருவாள். கிரேடு 10. இந்த நாட்டுப் பாடத்திட்டத்தில் அந்த வகுப்புக்கு எலக்ட்ரான் அமைப்பு, அதாவது அணுவில் எலக்ட்ரான்கள் எங்கெங்கே அமர்கின்றன என்ற கணக்கு, அணு எண் 20 வரைதான். கால்சியத்தோடு கடை சாத்திவிடுவார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம். உலகத்திலேயே குரோமியத் தாது அதிகம் வெட்டியெடுப்பது தென்னாப்பிரிக்காதான். அந்தக் குரோமியத்தின் எண் 24. சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது!

20 வரை பெரிய சிக்கல் இல்லை. ஆர்பிட்டால் என்பது அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரானுக்கு உள்ள இடம். ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்தான், அதுவும் எதிரெதிர்ச் சுழற்சியோடு. பௌலி 1925இல் சொன்ன விதி. ஆர்பிட்டாலின் பெயரில் வரும் எண் எத்தனையாவது கூடு என்பதைச் சொல்லும்; எஸ், பி, டி என்பவை அதன் வகைகள். 3பி நிரம்பியதும் 3டிதானே வரவேண்டும்? பொட்டாசியத்தில் 4எஸ் முந்திக்கொள்கிறது. எஸ் எலக்ட்ரான் அணுக்கருவை நெருங்கிப் போகக்கூடியது. அதனால் ஈர்ப்பு அதற்குக் கூடுதலாகக் கிடைக்கிறது.

அப்புறம் 3டி நிரம்பத் தொடங்கும். ஸ்காண்டியத்தில் ஒன்று, டைட்டானியத்தில் இரண்டு, வனேடியத்தில் மூன்று. “அடுத்தது நாலு, சரியா மாமி?” என்றாள். இல்லை. குரோமியத்தில் 3டியில் ஐந்து, 4எஸ்ஸில் ஒன்று. ஒரே ஆர்பிட்டாலில் ஜோடியாக இருந்தால் ஒன்றையொன்று தள்ளும். ஐந்து 3டி ஆர்பிட்டால்களிலும் ஆளுக்கொன்றாக, ஒரே திசைச் சுழற்சியோடு அமர்ந்தால் பரிமாற்ற ஆற்றல் என்ற லாபமும் உண்டு. 3டிக்கும் 4எஸ்ஸுக்கும் ஆற்றல் வித்தியாசம் அதிகமில்லாததால் இந்த இடமாற்றம் கட்டுப்படியாகிறது.

காலி சீட்டைத் தேடி உட்காரும் பஸ் பயணிகளை இதற்கு உவமை சொல்வார்கள். நெருக்கியடித்துக்கொண்டு டர்பன் மினிபஸ் டாக்ஸியில் போகிற பிள்ளையிடம் காலி சீட்டைப் பற்றிப் பேசி என்ன பயன்?

ஆனால் ‘பாதி நிரம்பினால் நிலைப்பு’ என்று ஒரே வரியில் மனப்பாடம் செய்ய வைப்பது எனக்குப் பிடிக்காது. தனிம அட்டவணையில் குரோமியத்துக்குக் கீழே உள்ள மாலிப்டினம் அந்த வரிக்குப் பணிகிறது. அதற்கும் கீழே உள்ள டங்ஸ்டன் பணிவதில்லை: 5டியில் நான்கு, 6எஸ்ஸில் இரண்டு. அத்தனை கனமான அணுக்கருவுக்குப் பக்கத்தில் எலக்ட்ரானின் வேகம் மிக அதிகம். சார்பியல் விளைவால் 6எஸ் சுருங்கி, ஆற்றலில் கீழே இறங்கிவிடுகிறது. இந்த நாட்டின் சுரங்க நகரமான ருஸ்டன்பர்க் பக்கம் குரோமியத்தோடு கிடைக்கும் பிளாட்டினமோ இன்னும் மோசம். 5டியில் ஒன்பது, 6எஸ்ஸில் ஒன்று. 5டி பாதியும் இல்லை, முழுசும் இல்லை.