கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்

கோவையில் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். 58 பேர் இறந்தார்கள், பேசத்தான் வேண்டும். ஆனால் அதற்கு இரண்டரை மாதம் முன்னால் நடந்ததை எடுத்தால் பலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜைக் குத்திக் கொன்றார்கள். அடுத்த இரண்டு நாளில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் எங்கள் தெருவுக்கு என்ன ஆனது என்று புரியும்.

கோட்டைமேட்டில் ஈஸ்வரன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு நகைப்பட்டறை. சுவரை ஒட்டி ஒரு ராவுத்தர் குடும்பம். அந்த வீட்டம்மாவை பாயம்மா என்போம். அவர் வீட்டுக்காரரைப் பிள்ளைகள் அத்தா என்றதால் எனக்கும் அவர் அத்தாதான். ஒப்பணக்கார வீதி நடைபாதையில் ரெடிமேட் துணி விற்றார். தீபாவளிக்கு முந்தின ராத்திரி வியாபாரம் முடிந்து எனக்குப் பாவாடை கொண்டுவருவார். அதுவரை தூங்க மாட்டேன்.

'அண்ணன் தம்பியாகத்தான் இருந்தோம், வெளியாட்கள் வந்து கெடுத்தார்கள்' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முஸ்லிம்கள் கடையில் வாங்காதே என்ற பேச்சு முன்பே இருந்தது. பட்டறைக்கு வேலை கொடுக்க வருகிறவர்களே பேசுவார்கள். அப்பா பதில் சொல்லாமல் ஊதுகுழலை வாயில் வைத்துக்கொள்வார்.

கலவரத்தில் அத்தாவின் சரக்கு மொத்தமும் எரிந்தது. டிசம்பர் கடைசியில் நோன்பு பிறந்தது. சாயங்காலம் தூக்குச்சட்டியோடு பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்க ஓடுவது எங்கள் வழக்கம். "இந்த வருஷம் வேண்டாம் கண்ணு" என்றார் அம்மா. மறுநாள் கொல்லைச் சுவருக்கு மேலே பாயம்மாவின் கை வந்தது. கையில் கஞ்சி, வெந்தயமும் பூண்டும் தூக்கலாக, தேங்காய்ப்பால் விட்டது. தனியாக இலைத்துண்டில் புதினாத் துவையல். "புள்ளைக்குப் பழகிப்போச்சுல்ல" என்றார். வியாபாரம் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது அவர்களுக்கு.

பொங்கலும் நோன்புக்குள்ளேயே வந்தது. அம்மா சர்க்கரைப் பொங்கலைக் காலையில் கொடுக்காமல் மூடி வைத்திருந்து, பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் சுவருக்கு மேல் நீட்டினார். அன்றைக்கு அந்த வீட்டில் பொங்கலோடுதான் நோன்பு திறந்தார்கள்.

அப்புறம் பிப்ரவரி. அப்பாவிடம் தொழில் பழகிய பையனுக்குக் காலில் பலத்த காயம். கோட்டைமேட்டுக்குள் நுழைகிற வழியெல்லாம் சோதனைச்சாவடி. பள்ளிக்கூடப் பையைக்கூடத் திறந்து காட்டினோம். பாயம்மாவின் மூத்த மகனை ஒரு ராத்திரி விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவர் பிறகு படிக்கப் போகவில்லை.

எங்களை யாரும் போகச் சொல்லவில்லை. சாவடி தாண்டி நகை கொண்டுவர ஆட்கள் தயங்கினார்கள், வேலை குறைந்தது, தெலுங்குபாளையத்துக்குக் குடி மாறினோம். வேறு பகுதிகளில் இருந்த முஸ்லிம்கள் பயந்துபோய் கோட்டைமேட்டுக்கும் கரும்புக்கடைக்கும் வந்தார்கள். குண்டு வைத்தவர்களையும் கடையைக் கொளுத்தியவர்களையும் என்னால் மன்னிக்க முடியாது. இரண்டு தரப்பும் ஆசைப்பட்டபடியே ஊர் பிரிந்தது.

என் மகளுக்கு இப்போது பத்து வயது. ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் அவள் இதுவரை போனதில்லை. எனக்கு இது பெரிய குறை. சமீபத்தில் வீடு பார்க்கும்போது புரோக்கர், "அந்த ஏரியா வேண்டாங்க, கலந்து இருப்பாங்க" என்றார். அப்படிப்பட்ட இடமாகத்தான் வேண்டும் என்றேன். விசாரித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். நானும் வாரா வாரம் போன் செய்துகொண்டிருக்கிறேன்.