ரியூலிப்பின் இரண்டாம் வசந்தம்: ஸ்காபரோப் பின்வளவில் செய்து பார்த்தது

கடையில் வாங்கி நட்ட ரியூலிப் முதல் வசந்தத்தில் பூத்துவிட்டால் அதற்காக நாம் பெரிதாக மார்தட்டத் தேவையில்லை. ஒக்டோபரில் வாங்கும் கிழங்கு ஒன்றை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நடுவில் வெளிறிய குருத்து இருக்கும், அதற்குள்ளே பொடிப் பூமொட்டு ஒன்றும் இருக்கும். கோடையில் வயலிலிருந்து கிண்டி எடுத்துக் களஞ்சியத்தில் வைத்திருந்தபோதே அந்த மொட்டு உருவாகிவிட்டது. அதைக் குளிரில் கிடத்துவது மட்டும்தான் எங்கள் வேலை. அடுத்த வசந்தத்தில் அதே இடத்தில் வருகிற பூதான் எங்கள் மண்ணிலும் எங்கள் பராமரிப்பிலும் விளைந்த பூ. எது திரும்பி வருகிறது, எது இலையோடு நின்றுவிடுகிறது என்பதைத்தான் இந்தச் சில வருடங்களாகக் கவனித்துக் குறித்து வருகிறேன்.

ரொறொன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வளவு களிமண். மழை பெய்தால் சப்பாத்தில் ஒட்டும், வெயில் அடித்தால் வெடிக்கும். வேலியோரம் ஒரு மேப்பிள் மரம் நிற்கிறது. கோடையில் அதன் கீழே கத்தரியோ மிளகாயோ வராது, ஆனால் கிழங்குப் பூக்களுக்கு அந்த இடம் நன்றாகவே ஒத்துப்போகிறது. மேப்பிள் முழுதாக இலை விரிக்க மே மாதம் நன்றாகப் போய்விடும். அதற்குள் இவை வெயிலைக் குடித்து, பூத்து, பாதி வேலையை முடித்துவிடுகின்றன.

ஒக்டோபர்

வாங்கியவை: டார்வின் கலப்பின ரியூலிப்பில் 'கோல்டன் அப்பல்டோர்ன்', இரட்டை அடுக்கு இதழ் உள்ள ஒரு ரியூலிப் வகை, குட்டையாக வளரும் 'டார்டா' என்ற காட்டு ரியூலிப், பெரிய மஞ்சள் டாஃபோடில், குட்டி டாஃபோடிலான 'டேட்டா டேட்', வசந்தத்தில் முதலில் பூக்கும் குரோக்கஸ், நீலச் சில்லா. கிழங்கைக் கையில் எடுத்தால் கனமாக, இறுக்கமாக இருக்கவேண்டும். மேல்தோல் உரிந்திருந்தால் பரவாயில்லை. அமத்தினால் அமுங்கினாலோ புளித்த மணம் வந்தாலோ திருப்பி வைத்துவிடுங்கள். ரியூலிப் பையில் 12 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் என்று சுற்றளவு போட்டிருந்தால் நல்ல கிழங்கு. மலிவுப் பைகளில் சின்னன்தான் வரும். அவை பூக்கும், ஆனால் மறுவருடம் பெரும்பாலும் ஏமாற்றும்.

நன்றி நவிலல் நாள் நீண்ட வாரவிடுமுறையிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இங்கே நடலாம். நிலம் உறைவதற்கு முன் வேர்விட ஒருசில வாரமாவது கிடைக்கவேண்டும். மேலே ஒன்றும் தெரியாவிட்டாலும் கீழே வேர் ஓடிக்கொண்டிருக்கும் காலம் அது.

ஒவ்வொரு கிழங்குக்கும் தனித்தனிக் குழி தோண்டுவதை நான் விரும்பவில்லை. நாரி போய்விடும், பூவும் சிப்பாய்கள் வரிசையில் நிற்பதுபோல வரும். பாத்தி அகலத்துக்கு ஒரே குழியாக 20 சென்ரிமீற்றர் வெட்டி, அடிமண்ணைத் தோட்ட முள்கரண்டியால் கிளறி, மக்கிய இலைக் குப்பையைக் கலந்தேன். கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுக் கணக்கு. ரியூலிப்புக்கு 15 முதல் 20 சென்ரிமீற்றர், குரோக்கசுக்கு 8 முதல் 10. ஆகவே ரியூலிப்பைக் கீழே அடுக்கி, பாதி மண் மூடி, அதன் மேல் குரோக்கஸைத் தூவினேன். இரண்டும் ஒரே குழிக்குள் சண்டை பிடிப்பதில்லை, குரோக்கஸ் முடியும்போதுதான் ரியூலிப் எழும்பும். கூர்முனை மேலே பார்க்கவேண்டும். எது மேல் எது கீழ் என்று தெரியாத கிழங்கைச் சரித்து வைத்தால் போதும், குருத்து தானே வழி கண்டுபிடிக்கும்.

பக்கத்து வீட்டு அன்ரி அதே கிழமையில்தான் உள்ளி நடுவார். ஒன்ராறியோவில் உள்ளியும் ஒக்டோபரில் நட்டு அடுத்த யூலையில் கிண்டுகிற பயிர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"என்ன பிள்ளை, நீயும் உள்ளியே நடுறாய்?"

"இல்லை அன்ரி, இது பூக்கிழங்கு."

"ஸ்னோவுக்குள்ள கிடந்து அழுகாதோ?"

"உங்கட உள்ளி அழுகுதே அன்ரி? அதுமாதிரித்தான், இதுக்கும் குளிர் வேணும்."

"உள்ளியெண்டா கறிக்காவது போடலாம்" என்றுவிட்டுக் குனிந்துகொண்டார்.

அவர் கறி என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். டாஃபோடில் கிழங்கைப் பார்த்தால் வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனால் நஞ்சு. அதிலுள்ள லைக்கோரின் என்ற நச்சுப்பொருள் வயிற்றைக் கலக்கி வாந்தி எடுக்கவைக்கும். எங்கள் வீடுகளில் கராஜில் வெங்காய மூட்டை கிடப்பது வழக்கம். பூக்கிழங்குப் பையை அதன் பக்கத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள், பெயரும் எழுதி ஒட்டிவிடுங்கள். இதே செடியிலிருந்து எடுக்கும் கலன்ரமின் என்ற பொருள் அல்சைமர் நோய்க்கு மருந்தாகிறது. அதற்காகவே வேல்ஸ் மலைப்பகுதியில் டாஃபோடில் பயிரிடுகிறார்கள்.

அணில்

இராமர் முதுகில் தடவிய ஊர் அணிலை நினைக்கவேண்டாம். இங்குள்ளது பூனைக்குட்டி அளவில் கறுப்பு அணில். சாம்பல் அணிலின் கறுப்பு வடிவம்தான் அது, ரொறொன்ரோ முழுக்க அதன் இராச்சியம். ரியூலிப்பும் குரோக்கசும் அதற்குப் பலகாரம். டாஃபோடிலையும் சில்லாவையும் தின்னாது.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். நான் பாத்தியை மூன்றாகப் பிரித்தேன். ஒரு பகுதிக்கு மேல் கோழிக்கூட்டுக் கம்பிவலை விரித்து ஓரங்களை மண்ணுக்குள் புதைத்தேன். இரண்டாவதில் ரியூலிப்பைச் சுற்றி டாஃபோடில் வேலி. மூன்றாவதில் ஒன்றுமில்லை, மிளகாய்த்தூள் மட்டும் தூவினேன். மிளகாய்த்தூள் முதல் மழையோடு போயிற்று, கிழங்கும் போயிற்று. டாஃபோடில் வேலியை அணில் மதிக்கவேயில்லை. வேலியைத் தாண்டி உள்ளே போய், நடுவிலிருந்த ரியூலிப்பை மட்டும் பொறுக்கி எடுத்து, டாஃபோடிலை வெளியே உருட்டிவிட்டிருந்தது. கம்பிவலைப் பகுதியில் ஒரு கிழங்கும் குறையவில்லை. ஓர் அங்குலக் கண் உள்ள வலையாக இருந்தால் வசந்தத்தில் இலை தானாக அதற்குள்ளால் வரும், எடுக்கத் தேவையில்லை.

அணிலை இழுப்பது புதிதாகக் கிளறிய மண்ணின் வாசம். நட்டு முடிந்ததும் மண்ணை மிதித்து இறுக்கி, தண்ணீர் ஊற்றி, கிழங்கின் உதிர்ந்த தோலையெல்லாம் பொறுக்கி அப்புறப்படுத்துவது நல்லது. எலும்புத்தூள் உரத்தைப் போடாமல் விட்டேன். அந்த மணத்துக்கு அணிலோடு ரக்கூனும் வரும்.

குளிர்காலம்

ஒரு வேலையும் இல்லை. நிலம் உறைந்தபிறகு மேப்பிள் இலைகளைப் பரப்பிவிட்டேன், அவ்வளவுதான். ரியூலிப்புக்கு ஏறத்தாழ 12 முதல் 16 கிழமை 9 பாகைக்குக் கீழான குளிர் தேவை. அது கிடைக்காவிட்டால் தண்டு நீளாது, பூ இலைக்குள்ளேயே குறுகிப்போகும். சனவரியில் சில நாள் இளஞ்சூடு வந்து பச்சை முனை தலைகாட்டினால் பயப்படவேண்டாம். இலை நுனி கருகினாலும் மொட்டு கீழே பத்திரமாக இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றுவிட்ட தங்கச்சி தனக்கும் கொண்டுவரச் சொல்லிக் கேட்டாள். அங்கே பிரிஜ்ஜில் மூன்று மாதம் வைத்துச் சட்டியில் நட்டால் ஒருமுறை பூக்க வாய்ப்பிருக்கிறது. ஆனால் அப்பிள், வாழைப்பழத்தோடு ஒரே பெட்டிக்குள் வைக்கக்கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். ஒருமுறை பூத்தபின் அந்தக் கிழங்கை மறந்துவிடவேண்டியதுதான். அவளுக்கு நான் சொன்னது: கார்த்திகைப்பூவை வை, அது உன் மண்ணுக்குரியது.

ஏப்ரல், மே

முதலில் சில்லாவும் குரோக்கசும். பனி உருகிய ஈர மண்ணில் குரோக்கஸ் விரிந்ததும் தேனீ எங்கிருந்தோ வந்துவிடுகிறது. மப்பாக இருந்தால் பூ மூடியே கிடக்கும். இந்த வசந்தக் குரோக்கசில் குங்குமப்பூ எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது, அது இலையுதிர்காலத்தில் பூக்கும் வேறு இனம். சில்லா விதை விழுந்து புல்தரைக்குள்ளும் பரவும். எனக்கு அது பிடிக்கும், புல்லைப் பச்சைக் கம்பளமாக வைத்திருப்பவர்கள் யோசித்து நடவேண்டும்.

ஏப்ரல் கடைசியில் டாஃபோடில். மே முதல் பாதியில் ரியூலிப். அன்னையர் தினத்துக்குச் சரியாக 'கோல்டன் அப்பல்டோர்ன்' முழுதாக நின்றது. அந்தச் சமயத்தில் ஒட்டாவா ரியூலிப் விழாவுக்கும் போனோம். போர்க்காலத்தில் நெதர்லாந்து இளவரசி யூலியானா ஒட்டாவாவில் அடைக்கலம் இருந்தார். 1943 சனவரியில் மகள் மார்கிரீட் அங்கே பிறந்தார். அந்த நன்றிக்காகவும், தங்கள் நாட்டை மீட்ட கனடியப் படையினருக்காகவும் 1945 இல் நெதர்லாந்து ஒரு லட்சம் கிழங்குகள் அனுப்பியது. 1953 இலிருந்து விழாவாக நடக்கிறது. அங்கே பாத்திகளைப் பார்த்துவிட்டு வந்து நம் வளவைப் பார்த்து ஏங்கத் தேவையில்லை. அவர்கள் ஒவ்வோர் இலையுதிர்காலமும் இலட்சக்கணக்கில் புதுக் கிழங்கு நடுகிறார்கள். அவர்களுடையது எப்போதும் முதல் வசந்தம்தான்.

யூன்

என் கணக்கில் இதுதான் முக்கியமான மாதம், பார்க்க அசிங்கமான மாதமும் இதுவே. பூ வாடியதும் தலையை மட்டும் கிள்ளிவிட்டேன், விதைக்குப் போகும் சத்து மிச்சமாகட்டும் என்று. தண்டையும் இலையையும் தொடவில்லை. ஆறு கிழமை அளவில் மஞ்சளாகித் தானே சாயும்வரை அந்த இலைதான் அடுத்த வருடப் பூவைச் சமைக்கிறது. வீட்டுக்காரர் புல்வெட்டும் மெசினோடு வந்து, "இந்தக் குப்பையை எப்ப வெட்டலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இலையைப் பின்னல்போலக் கட்டிவிடவும் வேண்டாம், வெயில் படாது.

ரியூலிப் ஏன் குறைந்துகொண்டே போகிறது என்பது கிண்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. டாஃபோடில் கிழங்கு வருடா வருடம் அதேதான், பருத்துப் பக்கத்தில் பிள்ளை வைக்கிறது. ரியூலிப் அப்படியல்ல. நட்ட கிழங்கு பூத்ததோடு கரைந்துபோய், அதன் இடத்தில் புதுக் கிழங்குகள் உருவாகின்றன. எல்லாம் நன்றாக அமைந்தால் ஒன்று பெரிதாக வரும். இல்லாவிட்டால் சின்னதாகப் பல. சின்னக் கிழங்கு அடுத்த வருடம் ஒற்றை அகல இலையோடு நிற்கும், பூ வராது.

அதோடு கோடை ஈரம். ரியூலிப்பின் பூர்வீகம் தியான் சான் போன்ற மத்திய ஆசிய மலைச்சரிவுகள். கடுங்குளிர், கொஞ்சக்கால ஈர வசந்தம், பிறகு காய்ந்த கோடை. தக்காளிக்குத் தண்ணீர் விடும்போது களிமண்ணில் அதுவும் சேர்ந்து ஊறினால் அழுகும். ஆகவே பாதியைக் கிண்டி எடுத்து, வெங்காய வலைப்பையில் போட்டு நிலவறையில் தொங்கவிட்டேன் (பெயர் எழுதித்தான்). மீதியை மண்ணிலேயே விட்டேன்.

இரண்டாம் வசந்தமும் அதற்குப் பிறகும்

கிண்டி வைத்து மறுபடி நட்ட 'கோல்டன் அப்பல்டோர்ன்' அநேகமாக எல்லாம் பூத்தது. மண்ணில் விட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இரட்டை அடுக்கு வகை கிண்டியதிலும் மண்ணில் விட்டதிலும் ஒற்றை இலைதான், அங்கொன்று இங்கொன்றாகக் குட்டைப் பூ. 'டார்டா' ஆச்சரியம்: மேட்டுப் பக்கத்தில், தண்ணீர் எட்டாத இடத்தில், கிண்டாமலே பெருகிவிட்டது. ஒரே தண்டில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பல பூ, ஆனால் வெயில் இல்லாத நாளில் மூடிக்கொள்ளும். டாஃபோடிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது பாட்டுக்கு வருடா வருடம் கூடுகிறது. நேரமில்லாதவர் டாஃபோடில் மட்டும் நட்டாலே போதும்.

மூன்றாம் வசந்தத்தில் மண்ணில் விட்ட ரியூலிப் இன்னும் மெலிந்தது. கிண்டி எடுத்ததில் பருமனானவை நின்றன.

இந்த ஒக்டோபரில் இரட்டை அடுக்கு வகை வாங்கப்போவதில்லை. கிண்டியதில் சின்னதாக இருந்த கிழங்குகளைப் பூப்பாத்தியில் வைக்காமல், அன்ரியின் உள்ளிப் பாத்திக்கு இந்தப் பக்கம் வேலியோரமாக ஒரு வரிசையில் கம்பிவலைக்குக் கீழே நட்டு, பூவை எதிர்பார்க்காமல் வளர்த்துப் பார்க்கப்போகிறேன். எப்போது 12 சென்ரிமீற்றரைத் தொடுகிறது என்று அளந்து எழுதுகிறேன்.