ரஷ்யாவில் மருத்துவப் படிப்பு, தமிழ்நாட்டில் மருத்துவப் பதிவு

2015இல் ரஷ்யாவில், வோல்கா நதிக்கரை நகரம் ஒன்றின் அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். வெளிநாடு செல்வோருக்கு நீட் கட்டாயமானது 2018இல்தான். அப்போது இந்திய மருத்துவக் கவுன்சிலின் தகுதிச் சான்றிதழ் மட்டும் வேண்டியிருந்தது. ஆறாண்டுப் படிப்பை முடித்து 2021இல் திரும்பியபோது கையில் பட்டம் இருந்தது. ஆனால் ஒரு மாத்திரையைக்கூட என் கையெழுத்தில் எழுதித்தர எனக்கு உரிமை இல்லை. அந்த உரிமையைப் பெறும் வரையிலான வழியை, பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே தரக்குறைவு என்று பேசுவோரிடம் எனக்கு உடன்பாடு இல்லை. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளிகள் ரஷ்ய மொழியில்தான் பேசுவார்கள் என்பதால், மூன்றாம் ஆண்டுக்குள் மொழி வசப்பட்டாக வேண்டும். அந்த ஆண்டில்தான் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கக் கற்றோம். மார்பில் விரல் வைத்துத் தட்டி, ஒலி மங்கும் இடங்களைப் பேனாவால் குறித்து, இதயத்தின் எல்லையை வரைந்து காட்ட வேண்டும். பிறகு பேராசிரியை தாமே தட்டிப் பார்த்து, அரை விரல் விலகியிருந்தாலும் அழித்துவிட்டு மறுபடி செய்யச் சொல்வார். வகுப்பைத் தவறவிட்டால் 'அத்ரபோத்கா' உண்டு; விட்ட பாடத்தை ஆசிரியர் முன் ஒப்புவிக்காதவரை தேர்வுக்கு அனுமதி கிடைக்காது. பெரும்பாலான தேர்வுகளில் மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுத்து, அதிலுள்ள கேள்விகளுக்கு வாய்மொழியாக விடை சொல்ல வேண்டும்.

இப்படிப் பேசி விடை சொல்லப் பழகியவர்களுக்கு, வெளிநாட்டில் மருத்துவம் படித்தோர் இந்தியாவில் பதிவு பெறத் தேற வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வு முற்றிலும் வேறு உலகம். ஒரே நாளில் இரண்டு பகுதிகளாக 300 கேள்விகள். ஒவ்வொரு பகுதியிலும் 150 நிமிடங்களில் 150 கேள்விகள். தேர்ச்சிக்கு 150 மதிப்பெண்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. இதில் சமூக மருத்துவத்துக்கு மட்டும் 30 மதிப்பெண்கள். இந்தியத் தடுப்பூசி அட்டவணை, தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களின் அமைப்பு ஆகியவை எந்த ரஷ்யப் பாடநூலிலும் இருக்கப்போவதில்லை. எனவே இந்தியப் பாடநூல்களை இரண்டாம் ஆண்டிலிருந்தே உடன் வைத்துப் படிப்பதுதான் சரி என்பது என் முடிவு. கடைசி ஆண்டில் தொடங்குவோர் பத்தொன்பது பாடங்களையும் ஒருசேரச் சுமக்க நேர்கிறது.

படிப்புக்கு இணையாக அலைய வைத்தவை ஆவணங்கள். பட்டத்துக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும், அவை உண்மையானவை என்று பிற நாடுகள் ஏற்பதற்கான அப்போஸ்டில் முத்திரையை ரஷ்யாவிலேயே வாங்கிவிட வேண்டும். நம் பெயர்களால் வரும் சிக்கல் தனி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் அதுவே தந்தையின் முழுப்பெயராக விரிந்திருக்கும். பட்டத்திலோ, ரஷ்ய எழுத்துக்கு மாறி மீண்டும் ஆங்கிலத்துக்கு வரும்போது 'ஹ' இருந்த இடத்தில் 'க' வந்து உட்கார்ந்திருக்கும். மூன்று பெயர்களும் ஒருவருடையவையே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் கொடுத்த பிறகுதான் என் கோப்பு நகர்ந்தது. பட்டம் அச்சாகும் முன்பே, கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே பின்பற்றும்படி டீன் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

தேர்வில் தேறித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு பெற்று, அரசு மருத்துவமனை ஒன்றில் பன்னிரண்டு மாதச் சி.ஆர்.ஆர்.ஐ. எனும் கட்டாய உள்ளிருப்பு மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தேன். நான் மருத்துவரானது உண்மையில் அங்குதான். பூச்சிமருந்து குடித்தவர், அரளி விதை தின்றவர், டெங்குவில் தட்டணுக்கள் சரிந்தவர் என்று அங்கு வந்த நோயாளிகள் பலரை நான் ரஷ்யாவில் பார்த்ததே இல்லை. வயலில் பாம்பு கடித்த ஒரு பெரியவரிடம் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டுவிட்டு நின்றேன். "குழாயை ஆட்டாதீங்கம்மா, இருபது நிமிஷம் முழுசா ஆகட்டும்" என்றார் முதுநிலை மாணவர். நேரம் முடிந்து சாய்த்தபோது இரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடியது. இரத்தம் உறைவதைக் கெடுக்கும் விரியன் வகைப் பாம்பின் கடி என்று உறுதியாகி, விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கியது. அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதியை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது என்பதையும் அந்த வார்டில்தான் அறிந்தேன். ரஷ்யாவில் கற்ற தட்டிப் பார்க்கும் பழக்கமும் இங்கே வீணாகவில்லை. எக்ஸ்ரே அறையில் வரிசை நீண்டிருந்த ஓர் இரவில், நெஞ்சில் நீர் கோத்திருப்பதை விரலே முதலில் சொன்னது.

பயிற்சி முடிந்து நிரந்தரப் பதிவு வந்தது. இப்போது செல்ல நினைப்போருக்கு விதிகள் இன்னும் இறுகியுள்ளன. இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக அமைந்த தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி, குறைந்தது 54 மாதப் படிப்பும் அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் வேண்டும். பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். அந்நாட்டு மருத்துவரைப் போலவே அங்கே தொழில் செய்யும் தகுதியைப் பட்டம் தர வேண்டும். திரும்பிய பின் இங்கே இன்னும் 12 மாதப் பயிற்சி. இவை அனைத்தும் சேர்ந்த நாளிலிருந்து பத்தாண்டுகளுக்குள் முடிய வேண்டும். முன்பணம் கட்டும் முன், இந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றுக்கும் பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்து மூலமாகப் பதில் கேட்டு வாங்குங்கள். முகவரின் வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள்.