குள்ள நோவா ப்ராஜெக்ட்: வைவாவுக்குப் போகும் முன்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எம்.எஸ்சி. இயற்பியலில் குள்ள நோவாவை (வெண்குள்ளனும் துணை விண்மீனும் சேர்ந்த, அவ்வப்போது திடீரென வெளிச்சம் கூடும் இரட்டை விண்மீன்) ப்ராஜெக்ட்டாக எடுப்பவர்களுக்கு வைவாவில் வரும் கடினமான கேள்வி, "வெடிப்பு ஏன் நிற்கிறது?" என்பதுதான். தொடங்கியதற்குக் காரணம் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள்.

முதலில் நோவாவிலிருந்து பிரித்துவிடுங்கள். நோவாவில் வெண்குள்ளன் (எரிந்து முடிந்த விண்மீனின் சிறிய, அடர்ந்த மீதி) மேல் சேர்ந்த ஹைட்ரஜன் அணுக்கரு இணைவால் வெடிக்கிறது. குள்ள நோவா வெடிப்பின் வெளிச்சம் பெரும்பாலும் திரள்வட்டிலிருந்து, அதாவது வெண்குள்ளனைச் சுற்றும் வாயு வட்டிலிருந்து, வரும் ஈர்ப்பாற்றல். துணை விண்மீன் கொட்டும் வாயு, குளிர்ந்த வட்டில் பாகுநிலை குறைவு என்பதால் உள்ளே இறங்காமல் தேங்குகிறது. அடர்த்தி மேல்வரம்பைத் தாண்டினால் ஹைட்ரஜன் அயனியாகத் தொடங்கும். ஒளிபுகாமை கிடுகிடுவென ஏறி வெப்பம் சிக்கிக்கொள்ளும். பாகுநிலையை அளக்கும் எண்ணான ஆல்ஃபா சுமார் 0.02இலிருந்து 0.1க்கு மேல் தாவ, வாயு வெண்குள்ளனை நோக்கிப் பாய்கிறது. பாயப் பாய வட்டு மெலிகிறது. வெளி விளிம்பில் அடர்த்தி கீழ்வரம்புக்கு இறங்கியதும் அங்கே அயனிகள் மறுபடி சேர்ந்து, குளிரலை உள்நோக்கி ஓடுகிறது. வெடிப்பு அதனால் நிற்கிறது. வட்டு காலியாகிவிடுவதால் அல்ல.

வரம்புகள் இரண்டு என்பதே உயிர்நாடி. மாடித் தொட்டி மோட்டாரின் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் போடும் மட்டமும் நிறுத்தும் மட்டமும் வேறு வேறு அல்லவா, அப்படி. இந்த இரு வரம்புகளையும் காட்டும் எஸ் வடிவ வளைவை வரையும்போது கிடை அச்சில் பரப்படர்த்தி, நிலை அச்சில் வெப்பநிலை. அம்புகள் கடிகார எதிர்த்திசையில். நடுக்கிளை நிலையற்றது என்று எழுதாமல் விட்டால் படம் அரைகுறைதான்.

கணக்கு கேட்டால்: வெண்குள்ளனுக்கு ஒரு சூரிய நிறை, ஆரம் 5.5×10⁶ மீட்டர், திரள்வீதம் நொடிக்கு 10¹⁴ கிலோ. வட்டின் ஒளிர்திறன் GMṀ/2R, சுமார் 1.2×10²⁷ வாட், சூரியனைப் போல 3 மடங்கு. அந்த 2ஐ மறப்பதும், சென்டிமீட்டரையும் மீட்டரையும் கலப்பதும்தான் வழக்கமான தவறு.

நோக்குவதற்கு எஸ்.எஸ். சிக்னி, யு ஜெமினோரம் என்ற இரு குள்ள நோவாக்களில் யு ஜெமினோரமே நமக்கு உகந்தது. எஸ்.எஸ். சிக்னி மாலையில் நன்றாகத் தெரியும் அக்டோபர், நவம்பரில் இங்கே வடகிழக்குப் பருவமழை. யு ஜெமினோரம் ஜனவரி முதல் மார்ச் வரை உச்சிவானுக்கு அருகில் வருவதால் ஓசூர் பக்க வெளிச்சமும் கெடுக்காது. பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூரில், 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. இந்த வேலைக்கு 6 அங்குலமே போதும். யு ஜெமினோரம் அமைதியில் 14 மேக்னிட்யூட் (எண் கூடினால் மங்கல்), அதாவது 6 அங்குலத்தில் கண்ணில் படாது, வெடிப்பில் 9. தெரியாத இரவில் நோட்டை மூடிவிடாதீர்கள். ஒப்பீட்டு வரைபடத்தில் நீங்கள் கண்ட மிக மங்கலான விண்மீனின் எண்ணைக் குறித்து, "இதைவிட மங்கல்" என்று எழுதுங்கள். எழுச்சி தொடங்கிய நாளை நிர்ணயிப்பது அந்த வரிதான்.

வெடிப்புகளுக்கு இடையே இடைவெளி சராசரி 100 நாள்தான், ஆனால் ஒழுங்கில்லை. ஒரு பருவம் முழுதும் வெறுமையாகப் போகலாம். மாறும் விண்மீன்களை நோக்குவோரின் அமைப்பான ஏ.ஏ.வி.எஸ்.ஓ.வின் தரவை இலவசமாக இறக்கி, பல ஆண்டு ஒளிவளைவோடு உங்கள் புள்ளிகளைச் சேருங்கள். அதில் நேரம் ஜூலியன் நாளில் இருக்கும், அதாவது உலக நேரப்படி நண்பகலில் தொடங்கும் தொடர் நாள் எண்ணிக்கையில். நமக்கு மாலை 5.30க்குப் புது நாள் பிறக்கிறது. இரவு 9 மணி என்றால் தசமம்.146. ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்காமல் விட்டால், 4 மணி 15 நிமிடத்துக்கு ஒருமுறை துணை விண்மீன் வட்டை ஓரளவு மறைப்பதால் வரும் கிரகணங்கள் எதுவும் வளைவில் பொருந்தாது.