மழைக்கு முந்தின நாள் தொட்டியைக் காலி பண்ணுங்க

ஐப்பசி பிறந்ததும் மழைநீர்த் தொட்டியை நிறைத்து வைப்பதில்தான் நெல்லைக்காரர்கள் எல்லோருக்கும் குறி. நிறைந்து கிடக்கிற தொட்டியால் தெருவுக்குப் பிரயோஜனமே இல்லை. அடுத்த மழை தட்டட்டியிலிருந்து (மொட்டை மாடி) இறங்கி நேரே வாறுகாலுக்குத்தான் (தெருச் சாக்கடை) போகும், தெருவில் வெள்ளம்தான் ஏறும்.

கணக்குப் பாருங்க. ஆயிரம் சதுர அடி தட்டட்டியில் 1 செ.மீ. மழை பெய்தால் 930 லிட்டர் விழும். சேதாரம் போகச் சுமார் 800 லிட்டர் கைக்கு வரும். 5,000 லிட்டர் தொட்டி காலியாக இருந்தால் 6 செ.மீ. மழையை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே 4,000 கிடந்தால் ஒன்றேகால் சென்டிமீட்டரிலேயே வழிந்துவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கு எந்த வீட்டுத் தொட்டியும் காணாது. வழக்கமான கார்த்திகை மழைக்குக் காணும். தெருவில் பாதி வீடுகள் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்ததும் மோட்டாரைப் போட்டு மேல் தொட்டியை நிறைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ விடுங்க. மழை பிடித்தபின் திறந்தால் அதுவும் வெள்ளத்தோடுதான் சேரும். ஒரு எச்சரிக்கை: வயலோரம், கால்வாய்க் கரையோரம் மண்ணில் புதைத்த பிளாஸ்டிக் தொட்டியை அடியோடு காலி பண்ணக் கூடாது. நிலத்தடி ஊற்று ஏறும்போது தொட்டியையே மேலே தூக்கிவிடும். பாதித் தண்ணீர் கிடக்கட்டும்.

குளத்துக்கு மறுகால் (நிறைந்த தண்ணீர் வெளியேறும் வழி) எப்படியோ, தொட்டிக்கு வழிகுழாய் அப்படி. நாலு அங்குலக் குழாயில் தண்ணீர் உள்ளே வர, வெளியே போக இரண்டு அங்குலம் வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிற தப்பு. வழிகுழாயின் வாய் வாறுகால் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கணும். தாழ்ந்திருந்தால் சாக்கடை தொட்டிக்குள் எதிர்த்து ஏறும்; அங்கே ஒருவழி வால்வு போட்டே ஆகணும்.

முதல் மழை அழுக்கை ஒதுக்க, ஆயிரம் சதுர அடிக்கு 100 லிட்டர் டிரம் ஒன்று போதும். அதன் அடியில் சொட்டுத் துளை இருந்தால் ஒரு நாளில் தானே வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகும். வேப்பஞ்சருகும் தட்டட்டிச் சுண்ணாம்பும் சேர்ந்து அந்தத் துளையைத்தான் முதலில் அடைக்கும்.

உறிஞ்சுகுழி தோண்டுமுன் ஒரு அடி ஆழத்தில் சின்னக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி ஊற்றிப் பாருங்க. ஒரு மணி நேரத்தில் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அது கரிசல் மாதிரி தண்ணீர் இறங்காத களிமண். சரளை தட்டும் வரை ஆழம் போகாமல் அங்கே ஜல்லி கொட்டுவது வீண் செலவு.