பத்து நிமிஷப் பிரதிஷ்டை, நாலு வார வேலை

13 ஜூலை 2025, ஞாயிறு

பிள்ளைப் பிரதிஷ்டைக்கு, அதாவது கைப்பிள்ளையைச் சபையில் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கும் ஜெபத்துக்கு, ஆகஸ்ட் 10 என்று நாள் குறித்தாயிற்று. 3-ஆம் தேதி முதல் ஞாயிறு. அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து இருப்பதால் ஆராதனை நீளும், கைப்பிள்ளை தாங்காது.

அன்னாள் சாமுவேலை ஒப்புக்கொடுத்ததும், லூக்கா 2-இல் இயேசுவை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோனதும்தான் இதற்கு ஆதாரம். பிரதிஷ்டையில் தண்ணீர் கிடையாது. ஞானஸ்நானம், பிள்ளை வளர்ந்து தானே விசுவாசித்த பிறகு. கைப்பிள்ளைக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சொந்தங்களிடம் இதை முன்னாடியே சொல்லிவிடணும். இல்லாவிட்டால் "ஞானத்தகப்பன் யாரு?" என்ற கேள்வி பந்தி வரைக்கும் கூடவே வரும்.

20 ஜூலை, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லாத மாசம், மண்டபம் சுலபமாகக் கிடைக்கிறது. கறிதான் சிக்கல். மதுரையைச் சுற்றி ஊர்க் கோயில்களில் கிடா வெட்டு நடக்கும்போது ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் போய் 15 கிலோ கேட்டால் கடைக்காரர் சிரிப்பார், இப்போதே முன்பணம். 120 பேர் பிரியாணிக்குச் சீரகச் சம்பா அரிசி 12 கிலோ, எலும்போடு கறி 15 கிலோ. ஆடி விரதத்தில் இருக்கும் அக்கம்பக்கத்தாருக்குத் தனியாக 20 சைவ இலை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

தாய்மாமன் சீரில் எத்தனை தாம்பாளம் என்பது அவரவர் பாடு. ஆனால் நகை அணியாத பெந்தெகொஸ்தே சபைகளில் தங்கச் சங்கிலியை மேடையில் போட முடியாது. வீட்டிலேயே கொடுத்துவிட்டால் யாருக்கும் முகம் சுண்டாது. கன்னத்து மையையும் துடைத்துவிட்டே கிளம்பணும், பாட்டி வைத்ததென்றாலும்.

விளக்குத்தூண் பக்கம் வாங்கிய பட்டுப் பாவாடைக்கு உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை கட்டாயம். ஜரிகை கழுத்தில் உரசினால் ஐந்து மாதப் பிள்ளை வேறென்ன செய்யும், அழும்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

9.30-க்கு ஆராதனை, 9.50-க்குப் பால், 10.15-க்கு மேடை. பசி தீர்ந்து, தூக்கம் வருவதற்குள் முடிந்துவிடணும்.

தாய், தகப்பன் நடுவில். இரு வீட்டுத் தாத்தா பாட்டியும் பின்னால். கர்த்தருடைய வழியில் வளர்ப்பீர்களா என்று போதகர் கேட்க, "வளர்ப்போம்" என்று வாய்விட்டுச் சொல்லணும், தலையாட்டினால் போதாது. பிறகு சபையார் எழுந்து நிற்க, போதகர் பிள்ளையை வாங்கி, பேரைச் சொல்லி ஜெபிக்கிறார். இன்றைக்கு அங்கேதான் வம்பு. பிள்ளை காலர் மைக்கின் வயரைப் பிடித்து இழுத்து வாயில் வைக்க, ஸ்பீக்கர் கிரீச்சிட, வீறிட்டது. கை மைக்கை இன்னொருவர் தள்ளிப் பிடித்திருந்தால் போதும்.

பிரியாணி குழைந்தது. 12-க்கு ஆராதனை முடியும் என்று மாஸ்டர் 11.15-க்கு அரிசி போட்டார், முடிந்தது 12.40. சீரகச் சம்பா அவ்வளவு நேரம் தம்மில் நிற்காது, அடி அரிசி மாவாகிவிடும். கறி மசாலா மட்டும் தயாராக இருக்கட்டும். பிரசங்கத்தின் கடைசிக் கட்டத்தில் மாஸ்டருக்குப் போன் போனதும் அரிசியை 20 நிமிடம் ஊறவைத்துப் போட்டால், போட்டோ எடுத்து முடிப்பதற்குள் பந்தி தயார்.

11 ஆகஸ்ட், திங்கள்

பிரதிஷ்டைச் சான்றிதழ் வந்தது. இது சபையின் ஆவணம்தான், பிறப்புச் சான்றிதழுக்கு ஈடாகாது. பேரில்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால், ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் பேரைச் சேர்க்கலாம். அதற்குமேல் தாமதக் கட்டணம். இரண்டிலும் எழுத்தும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று லேமினேஷனுக்குக் கொடுக்கும் முன்பே பார்க்கணும்.